பூ கொட்டுதா? மருந்துக் கடைக்குப் போகுமுன் பூவைப் பாருங்கள்

கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிக் குடிவருகிறவர்கள் முதல் வருஷம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, பூ பூவாப் பூக்குது, காயே பிடிக்க மாட்டேங்குது, என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்கிறவர்மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் செம்பருத்திப் பூவைப் படம் வரைந்து பாகம் குறித்ததோடு பூவின் கதையை நம்மில் பலர் மூடி வைத்துவிட்டோம். தோட்டத்துக்கு வந்தால் பூ கொட்டுவது நோய் மாதிரித் தெரிகிறது, நோய் என்றால் மருந்து என்று கை தானாகத் தெளிப்பானுக்குப் போகிறது. பல நேரம் அந்த மருந்துதான் மிச்சமிருக்கிற காயையும் கெடுக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் சொல்லும் வழி எளிமையானது, ஆனால் ஒரு பருவம் முழுக்கப் பொறுமை வேண்டும். இரண்டே செடி வையுங்கள்: ஒன்று பீன்ஸ், இன்னொன்று சர்க்கரைப் பூசணி. விதையிலிருந்து மறுபடி விதை வரை கூடவே இருந்து பாருங்கள். ஏன் இந்த இரண்டு என்றால், பீன்ஸ் பூ தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும், பூசணிப் பூவால் வெளியிலிருந்து ஒருவர் வராமல் எதுவுமே செய்ய முடியாது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் காபி, பட்டர் ஃப்ரூட் (அவகேடோ), சௌசௌ எல்லாவற்றையும் நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

தேவையானவை: ஒரு கைப்பிடி நாட்டு பீன்ஸ் விதை, நாலைந்து பூசணி விதை, ஒரு சின்ன லென்ஸ், ஊசி, கொஞ்சம் நூல். கடையில் வாங்கும் விதைப் பொட்டலத்தில் ஹைப்ரிட் என்றோ எஃப்1 என்றோ போட்டிருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டியிடம் கேட்டால் நல்ல விதை கிடைக்கும்.

விதைக்கும் முன் ஒரு விதையை உடையுங்கள்

பீன்ஸ் விதைகளை ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் ஒன்றை எடுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, உள்பக்கம் வளைந்த இடத்தில் இருக்கிற தழும்பைப் பாருங்கள். நெற்றுக்குள் விதை ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது, தாய்ச்செடியிடமிருந்து சாப்பாடு வந்த வழி. அந்தத் தழும்புக்குப் பக்கத்திலேயே ஊசி முனையளவு ஒரு துளை இருக்கும். விதையை இரு விரலால் மெல்ல அழுத்தினால் அதன் வழியாக ஒரு பொட்டுத் தண்ணீர் கசியும். இந்தத் துளையை நினைவில் வையுங்கள், பூ வரும்போது இதே துளையிடம் திரும்பி வருவோம்.

இப்போது தோலை உரித்துப் பருப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியின் ஓரத்தில், வெளிறிய நிறத்தில், நரம்பு ஓடிய இரண்டு குட்டி இலைகள் மடிந்து கிடக்கும். அதன் கீழே ஒரு சின்ன முனை, அது வேர். முழுச் செடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இரண்டு பருப்பும் அதற்குக் கட்டிக்கொடுத்த சோறு. மண் சத்து விதைக்கு முதல் சில நாள் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். விதைக்குழியில் உரம் போடுவது வீண், சில நேரம் முளைவேரைச் சுட்டுவிடவும் செய்யும்.

இரண்டு விரற்கடை ஆழத்தில் போட்டு மண்ணைத் தளர்வாக மூடுங்கள். விதைக்குத் தண்ணீர், காற்று, ஓரளவு கதகதப்பு மூன்றும் வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேற்கே மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மார்கழி தையில் உறைபனியே விழும். அந்தக் குளிரில் ஈரமும் சேர்ந்தால் பீன்ஸ் விதை முளைக்காமல் அழுகிப் போகும். கீழ்மலையில் ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் போடலாம், மேல்மலையில் தை முடியும்வரை பொறுங்கள். இப்படிக் கணக்குப் பண்ணி விதைத்தால் நெற்று காயும்போது வெயில் இருக்கும், அது பின்னால் பெரிய உதவி.

வெயில் இருந்தால் ஒரு வாரத்தில், குளிர் என்றால் இரண்டு வாரம் வரைக்கும்கூட ஆகலாம், தண்டு கொக்கி மாதிரி வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த வளைவுக்குக் காரணம் உண்டு. மென்மையான நுனி நேராக முட்டினால் கிழிந்துவிடும், அதனால் முதுகு முன்னால் வருகிறது. வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்து இரண்டு பருப்பையும் தூக்கிக் காட்டும். பட்டாணி போட்டுப் பார்த்தால் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், நுனி மட்டும் மேலே வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், நன்றாகத் தெரியும்.

இலை வளரும் காலம்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அவசரப்படாதீர்கள் என்பதைத் தவிர. செடி நுனியிலும் கணுவிலும்தான் வளர்கிறது. நுனியைக் கிள்ளினால் கணுவிலிருந்து பக்கக் கிளை கிளம்பும், பூசணியில் பெண் பூக்கள் பக்கக் கிளைகளில்தான் நிறைய வருகிறது என்பதால் கொடி ஓரளவு ஓடியதும் நுனியைக் கிள்ளி விடுவது நல்ல பழக்கம்.

யூரியா விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பீன்ஸ் செடி ஒன்றைக் கவனமாக மண்ணோடு தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள், கடுகளவு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதில் குடியிருக்கிற பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் தழைச்சத்தைக் கொட்டினால் கரும்பச்சையாக இலை இலையாகப் போகும், பூவை மறந்துவிடும். "செடி நல்லா வந்திருக்கு, பூவையே காணோம்" என்கிற இடங்களில் பாதி இந்தக் கதைதான்.

பீன்ஸ் பூ: கதவைச் சாத்திக்கொண்டு

குத்து பீன்ஸில் சுமார் 40 நாளில் மொட்டு வரும், குளிர்ந்த இடத்தில் இன்னும் தள்ளிப்போகும். நாளைக்குத்தான் விரியும் என்று தோன்றுகிற, நன்றாகப் பருத்த மொட்டு ஒன்றைச் சாயங்காலம் பறியுங்கள். வெளி இதழை விலக்கினால் உள்ளே சங்கு மாதிரிச் சுருண்ட ஒரு இதழ்க்கூடு இருக்கும். ஊசியால் அதைக் கிழித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். மொட்டு இன்னும் விரியவே இல்லை, உள்ளே மகரந்தப்பைகள் வெடிக்கத் தொடங்கி மஞ்சள் தூள், அதை வாங்கிக்கொள்கிற பெண் பாகத்தின் நுனியான சூல்முடிமேல் ஒட்டியிருக்கும். பூ விரியும்போது முக்கியமான வேலை பெரும்பாலும் முடிந்தே போயிருக்கிறது. வண்டு, தேனீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பீன்ஸ் காய்க்கும்.

அப்படியென்றால் பீன்ஸில் பூ ஏன் கொட்டுகிறது? வெயில், அல்லது வேரில் ஈரமில்லாமை. பகலில் 30 டிகிரிக்கு மேல் போய் ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் செத்துவிடும், கருவுறாத பூவைச் செடி கழற்றிவிடும். வத்தலக்குண்டில் இறங்கியதும் பீன்ஸ் தோட்டம் கண்ணில் படாமல் போவதும், மலைக் காய் லாரி லாரியாகக் கீழே போவதும் இதனால்தான். மேட்டுப் பாத்தியில் சருகு மூடாக்குப் போட்டு ஈரத்தைக் காப்பாற்றுங்கள், அதுதான் மருந்து.

பூசணிப் பூ: விடியற்காலை வேலை

பூசணி வேறு மாதிரி. ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் ஆண் பூக்கள் மட்டும் ஒரு வாரமோ அதற்கு மேலோ பூத்துக் கொட்டும், புதியவர்கள் பயந்துபோவது அப்போதுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஆண் பூ கொட்டத்தான் வேண்டும். ஒல்லியான நீண்ட காம்பில் நேராக நின்றால் ஆண். குட்டையான தடித்த காம்பில், இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு உருண்டையோடு இருந்தால் பெண். அந்த உருண்டைதான் சூலகம், உள்ளே பின்னால் விதையாகப் போகிற சூல்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு சூலுக்கும் தனித்தனியாக ஒரு மகரந்தத் துகள் வந்து சேர வேண்டும்.

பூ விடியும் நேரத்தில் விரிந்து முற்பகலுக்குள் வாடி மூடிவிடும், அதன் ஆயுளே அந்தச் சில மணி நேரம்தான். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ வந்து ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குச் சுமக்க வேண்டும், அதுவும் ஒரு தடவை வந்தால் போதாது, பல தடவை வர வேண்டும். இப்போது நம்ம மலையின் காலையை நினைத்துப் பாருங்கள். மூடுபனி, தூறல், குளிர். தேனீ கூட்டைவிட்டு வெளியே வருவதற்குள் பூ மூடிவிடுகிறது, நனைந்த மகரந்தமும் வீணாகிறது. பிஞ்சு மூன்று நாலு நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறது. நாம் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிக்கிறோம், பூ விரிந்திருக்கிற காலை நேரத்தில் அடித்தால் வந்துகொண்டிருந்த நாலு தேனீயும் போய்விடும்.

இங்கே நாமே தேனீயின் வேலையைச் செய்யலாம். முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். மறுநாள் விரியப்போகிற மொட்டின் நுனி லேசாக மஞ்சள் நிறம் காட்டும். பெண் மொட்டு ஒன்று, ஆண் மொட்டு இரண்டு மூன்று தேர்ந்தெடுத்து நுனியை நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். ராத்திரி மழை உள்ளே போகாது, வேறு வகைப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலக்கவும் முடியாது. காலையில் ஏழு எட்டு மணிக்குள் ஆண் பூவைக் காம்போடு பறித்து இதழைப் பிய்த்துவிட்டால் நடுவில் மஞ்சள் தூள் பூசிய ஒரு குச்சி மிஞ்சும். விரலில் தொட்டுப் பாருங்கள், தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் அந்தப் பூ ஆகாது, அடுத்ததை எடுங்கள். பெண் பூவின் கட்டை அவிழ்த்து, நடுவில் மடல் மடலாக இருக்கிற சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் அந்தப் பக்கம் மட்டும் பருத்துக் கோணலாக வரும். முடிந்ததும் மறுபடி கட்டிவிட்டுக் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூல் முடிச்சுப் போடுங்கள்.

அப்புறம் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சூல்முடியில் ஒட்டிய ஒவ்வொரு துகளும் ஒரு மெல்லிய குழாயை நீட்டி, சூல்தண்டு வழியாக இறங்கி, சூலில் இருக்கிற சின்னத் துளையைத் தேடிப் போகிறது. ஊறிய பீன்ஸில் தண்ணீர் கசிந்ததே, அந்தத் துளைதான் அது. சூல் விதையான பிறகும் தழும்புக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. குழாய் இரண்டு ஆணணுக்களைக் கொண்டுபோகிறது. ஒன்று கருமுட்டையோடு சேர்ந்து குட்டிச் செடியாகிறது, இன்னொன்று நடுவிலுள்ள உட்கருக்களோடு சேர்ந்து அந்தக் குட்டிச் செடிக்கான சாப்பாடாகிறது. இதை 1898-ல் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் லில்லி வகைப் பூக்களில் கண்டு சொன்னார். பீன்ஸிலும் பூசணியிலும் இந்தச் சாப்பாட்டைப் பருப்பு ஏற்கெனவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காபியில் அப்படியே தனியாக நிற்கும். நாம் வறுத்து அரைத்துக் குடிக்கிற காபிக் கொட்டை பெரும்பாலும் அந்த இரண்டாவது சேர்க்கையில் உண்டானதுதான்.

ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் பிஞ்சு பெருத்து, காம்பு தடித்து, தலை கீழே சாய்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் நுனியிலிருந்து மஞ்சளாகும், அடுத்த பெண் பூவுக்குப் போங்கள்.

அப்படியே பக்கத்துத் தோட்டங்களையும் பாருங்கள்

காபியில் பங்குனி, சித்திரை வாக்கில் கோடை மழை ஒன்று பெய்து சுமார் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகும், மல்லிகை வாசனை அடிக்கும். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும். பழத்தைப் பிதுக்கினால் தட்டையான இரண்டு கொட்டை வரும். சிலதில் உருண்டையாக ஒன்றே ஒன்று இருக்கும், பீபெரி என்பார்கள். இரண்டு சூலில் ஒன்று விதையாகாமல் போய், இன்னொன்று அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டு வளர்ந்தது அது.

பட்டர் ஃப்ரூட் பூவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், இந்த மலையில் என்னை இதைவிட ஆச்சரியப்படுத்திய பூ கிடையாது. ஒவ்வொரு பூவும் இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும், மறுநாள் ஆணாக விரியும். ஏ வகை மரங்கள் இன்று காலை பெண், நாளை பிற்பகல் ஆண். பி வகை மரங்கள் இன்று பிற்பகல் பெண், நாளை காலை ஆண். ஆக காலையில் ஏ பெண்ணாக நிற்கும்போது பி மகரந்தம் கொடுக்கிறது, பிற்பகலில் மாறிக்கொள்கிறது. குளிர் நாளில் இந்த நேரம் முன்பின்னாகி ஒரே மரத்தில் இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு, தனி மரம் சில வருஷம் காய்ப்பது அதனால்தான். தோட்டத்தில் ஒரே ஒரு ஒட்டு மரம் வைத்துவிட்டுக் காய் குறைகிறது என்று வருத்தப்படுகிறவர்கள், எதிர் வகையில் ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். கன்று வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுவிடுங்கள். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டிகேடி 1 என்ற பட்டர் ஃப்ரூட் ரகத்தை வெளியிட்டவர்களே அவர்கள்தான்.

சௌசௌவுக்கு ஒரு காய்க்கு ஒரே விதை. அந்த விதை தூங்குவதே இல்லை, காய்க்குள்ளேயே முளைத்து வாய் வழியாக எட்டிப் பார்க்கும். விதையைத் தனியாகப் பிரிக்காமல் முளைவிட்ட காயையே சாய்வாகப் படுக்கவைத்துப் பாதி மண்ணில் புதைத்துப் பந்தலுக்கு ஏற்றுகிறார்கள்.

விருப்பாச்சி வாழைக்கோ விதையே கிடையாது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் மலைவாழை இதுதான். பூ பூத்தாலும் கருவுறாமலே காய் பருக்கும், பக்கக் கன்றைப் பிரித்து நட்டுத்தான் வளர்க்க முடியும். கன்று தாயின் அச்சு அசல் நகல், ருசி மாறாது, அது வசதி. ஆனால் ஒன்றைப் பிடிக்கிற நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். முடிக்கொத்து நோய் வந்தபோது கன்று வழியாகவும் அசுவினி வழியாகவும் பரவி இந்த மலையின் வாழைத் தோட்டங்களைப் பெரிய அளவில் அழித்தது. மேல்மலைப் பூண்டும் இதே மாதிரிப் பல் வைத்து வளர்ப்பதுதான். விதை மூலம் வருகிற பிள்ளைகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, அதில் ஏதோ ஒன்றாவது நோய்க்குத் தாக்குப்பிடிக்கும். செடி இவ்வளவு மெனக்கெட்டுப் பூப்பதன் பலன் அதுதான்.

தேனீக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடுக்குத் தேனீ மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் கூடு கட்டும், மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கவிடும். இந்த மலைப் பழங்குடிகளான பளியர்களுக்கு எந்தப் பாறையில் எப்போது தேன் இருக்கும் என்று தெரியும். தோட்டம் சீர்படுத்துகிறேன் என்று வேலியோரப் பூச்செடி, பொந்து மரம் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் பூ மூடிய பிறகு, சாயங்காலம், தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள்.

விதை எடுப்பது

பீன்ஸில் நல்ல செடி ஒன்றிரண்டைக் காய் பறிக்காமல் விட்டுவிடுங்கள், முதல் காயிலிருந்தே. நெற்று வைக்கோல் நிறமாகி ஆட்டினால் கலகலக்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் செடியோடு பிடுங்கி இறவாணத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், நனைந்த நெற்றுக்குள்ளேயே விதை முளைத்துவிடும். உரிக்கும்போது நெற்றுக்குள் இடைவெளி இருக்கிற இடத்தை லென்ஸில் பாருங்கள், காய்ந்த புள்ளி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், மகரந்தம் போய்ச் சேராமலோ பாதியில் நின்றுபோயோ விதையாகாத சூல் அது.

பூசணியை நகம் இறங்காத அளவு தோல் கெட்டியாகிக் காம்பு காய்ந்தபின் பறித்து, உடனே வெட்டாமல் மூன்று வாரமாவது வீட்டில் வைத்திருங்கள். அந்த நாட்களில் உள்ளே விதை இன்னும் பருக்கும். எடுத்துக் கழுவி, தட்டையான பொக்கு விதைகளைத் தள்ளிவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். தகரக் கூரைமேல் உச்சி வெயிலில் பரப்பினால் உயிர் போய்விடும். பீன்ஸ் விதையைப் பல்லால் கடித்தால் தடம் விழக் கூடாது, பூசணி விதையை வளைத்தால் பட்டென்று முறிய வேண்டும். சலித்த அடுப்புச் சாம்பல் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தால் வண்டு அண்டாது.

எல்லா விதையையும் இப்படிக் காயவைக்கக் கூடாது. காபிக் கொட்டையும் பட்டர் ஃப்ரூட் கொட்டையும் முழுக்கக் காய்ந்தால் செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு நாற்றங்காலில் போட வேண்டும். மேல்மலையில் கேரட் விதை எடுக்க ஆசைப்பட்டால் சில கேரட்டைப் பிடுங்காமல் குளிர்காலம் முழுக்க மண்ணில் விட்டுவைக்க வேண்டும், அந்தக் குளிர் பட்டால்தான் அது பூக்கும். குறிஞ்சிக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்து ஒரே தடவை பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செடி செத்துவிடும்.

ஹைப்ரிட் விதை வேண்டாம் என்று சொன்னேன். அது இரண்டு வேறு வேறு வரிசையைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதை முளைக்கும், ஆனால் ஒன்று பாட்டனைப் போல, ஒன்று பாட்டியைப் போலப் பிரிந்துபோகும், என்ன காய் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டு ரகத்தில் அந்தக் கவலை இல்லை, பூசணியில் மட்டும் நூல் கட்டிக் கலப்பைத் தடுத்திருக்க வேண்டும்.

அடுத்த விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி அடுப்படிப் பக்கம் வையுங்கள், துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் குழிக்கு ஒன்று போதும். ஐந்தாறுதான் வந்தது என்றால் குழிக்கு மூன்றாகப் போட்டு, வந்ததும் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அதற்கும் குறைந்தால் அந்த விதையை நம்ப வேண்டாம், விதை தந்த பாட்டியிடமே மறுபடி ஒரு கைப்பிடி கேளுங்கள்.